நொண்டிக் காட்டாதவர்

விபத்துக்கு முன் செய்துவந்த வேலையை அந்த விபத்தினால் செய்ய முடியாமற் போனவருக்கு, அந்த முடியாமை இருக்கும் வரை வருமான இழப்பீடு வழங்கப்பட வேண்டும். கியூபெக் மாகாணத்தின் வாகனக் காப்புறுதிச் சட்டம் சொல்வது, சுற்றிவளைப்பை நீக்கிவிட்டால், இவ்வளவுதான். அதை ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் முழுவதும் வாசித்திருக்கிறேன். இது பெருமை அல்ல. ஓய்வுபெற்ற அரசாங்க உத்தியோகத்தனுக்கு மொன்றியல் குளிர்காலத்தில் வேறு என்ன வேலை? இழப்பீடு கேட்பவர் முகத்தை எப்படி வைத்துக்கொண்டு கேட்க வேண்டும் என்பதற்கு இரண்டு மொழியிலும் பிரிவு இல்லை, உபபிரிவு இல்லை, பின்னிணைப்பில் அட்டவணையும் இல்லை.

ஆனாலும் அப்படி ஒரு விதி இருப்பதாக எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அதற்குக் கீழ்ப்படிய மறுத்த ஒருவரை எனக்குத் தெரியும்.

அவர் மொன்றியலின் அஹுன்ட்சிக் பகுதியில் எங்கள் மேல்வீட்டில் இருந்தார். நான் மகளோடும் மருமகனோடும் கீழ்வீட்டில். நடுவில், இந்த நகரத்தின் வழக்கப்படி, வெளிப்புறமாக வளைந்து ஏறும் இரும்புப்படி. ஐம்பதை நெருங்கிய பெண், கணவர் ஊரிலேயே காலமாகிவிட்டார், பல்கலைக்கழகத்தில் படிக்கும் ஒரு மகள். பெயரை எழுதப்போவதில்லை. எழுதினால், எங்கே இருந்தாலும், மாம்பழ மஞ்சளில் அரக்குக் கரை போட்ட பட்டுச்சீலையை உடுத்திக்கொண்டு வந்து என் கதவைத் தட்டுவார்.

அந்தச் சீலை கலியாணவீடுகளுக்கானது அல்ல. வங்கி, பள்ளிக்கூடம், குடிவரவு அலுவலகம், ஆஸ்பத்திரி என்று எங்கெல்லாம் மேசைக்கு மறுபுறம் ஒருவர் இருப்பாரோ அங்கெல்லாம் அதை உடுத்திக்கொண்டுதான் போவார். மேலே குளிர்க்கோட்டு, கீழே பனிச்சப்பாத்து, நடுவில் கொஞ்சம் அரக்குக் கரை. அந்தக் கரை இரும்புப்படியில் இறங்குவதைக் கண்டால், இன்றைக்கு யாருக்கோ நேரம் சரியில்லை என்று என் மருமகன் சொல்லுவார்.

ஒரு தை மாதம் வீட்டுச் சொந்தக்காரர் சூடாக்கியைத் திருத்தாமல் நாள் கடத்தினார். நான் முறைப்படி பதிவுத்தபாலில் ஒரு கடிதம் அனுப்பிவிட்டு, உரிய கால அவகாசம் முடியட்டும் என்று கம்பளிக்குள் காத்திருந்தேன். அவர் காத்திருக்கவில்லை. சீலை உடுத்திக்கொண்டு நேரே சொந்தக்காரரின் வீட்டுக்குப் போய்விட்டார். அங்கே அன்று பிள்ளைக்குப் பிறந்தநாள். இவர் வாசலில் நின்று, வந்த விருந்தினர் ஒவ்வொருவருக்கும் ‘போன்ஜூர்’ என்று வணக்கம் சொல்லியிருக்கிறார். வேறு ஒரு சொல்லும் இல்லை. உள்ளே வரச் சொன்னார்களாம், போகவில்லை. கதிரை கொண்டுவந்து வைத்தார்களாம், இருக்கவில்லை. பின்னேரமே திருத்துகிற ஆள் வந்துவிட்டான். என் பதிவுத்தபால் மறுநாள்தான் போய்ச் சேர்ந்தது.

“என்ன சொல்லி வெருட்டினீங்கள், பிள்ளை?” என்று கேட்டேன்.

“ஒண்டும் சொல்லேல்லை அண்ணை. சும்மா நிண்டனான். நிக்கிற ஆளைக் கனநேரம் ஒருத்தராலையும் பாத்துக்கொண்டு இருக்கேலாது.”

இந்தச் சொல்லை அப்போது நான் ஒரு வேடிக்கையாகத்தான் எடுத்துக்கொண்டேன்.

விபத்துக்குப் பிறகு ஊர்ச்சனம் அவரை ‘ட்ரக் அடிச்ச அக்கா’ என்று அடையாளம் சொல்லத் தொடங்கியது. டொலார்ட்-டெஸ்-ஓர்மோ பக்கத்துக் கோயிலில் ஒருநாள் ஒரு பெண்மணி அப்படிச் சொல்லி யாருக்கோ அறிமுகம் செய்துவைத்தார்.

“ட்ரக் என்னை அடிக்கேல்லை,” என்றார் இவர். “நான் நடக்கிற இடத்துக்கு ட்ரக் வந்தது. நான் ட்ரக் ஓடுற இடத்துக்குப் போகேல்லை.”

“ஐயோ, அதைத்தான் அக்கா சொன்னனான்.”

“இல்லை. நீங்கள் வேறை சொன்னனீங்கள்.”

அந்தக் கோயிலில்தான் அவருடைய ஊன்றுகோல் எங்கே வைக்கப்படுகிறது என்பதை முதலில் கவனித்தேன். சப்பாத்து வைக்கும் தட்டில். இரண்டு சப்பாத்துக்கும் பக்கத்தில், மூன்றாவது சப்பாத்து மாதிரி, சாத்தி வைத்துவிட்டு உள்ளே போனார். தூணில் ஒரு விரல் படாமல் பூசை முடியும் வரை நின்றார். வெளியே வந்து சப்பாத்துப் போடும்போது உதட்டைக் கடித்திருந்தார்.

“பொல்லை உள்ளுக்குக் கொண்டு வந்தால் ஆர் என்ன சொல்லப்போயினம்?” என்றேன்.

“தெருவிலை ஊண்டுற பொல்லு அண்ணை. செருப்பு எங்கை நிக்குதோ அதுவும் அங்கைதான் நிக்கவேணும். பெரிய ஆக்களுக்கு முன்னாலையும் அப்பிடித்தான்.”

கடவுளுக்கு முன் அது சரிதான். கடவுள் மருத்துவ அறிக்கை எழுதுவதில்லை.

விபத்து சென்ட் லோரன்ட்டில், பண்டகசாலைகள் வரிசையாக இருக்கும் ஒரு தெருவில் நடந்தது. அவர் அங்கே ஒரு மருந்துத் தொழிற்சாலையில், நகரும் பட்டிக்கு முன்னால் நின்றபடி புட்டிகளைப் பெட்டியில் அடுக்குகிற வேலை பார்த்தார். வேலை முடிந்து பஸ் தரிப்பிடத்துக்கு நடைபாதையால் நடந்துகொண்டிருக்க, ஒரு நீளமான சரக்கு ட்ரக் பண்டகசாலைக்குள் பின்னால் போவதற்காக நடைபாதையைக் கடந்தது. அதன் பின்பக்கம் இவரைத் தள்ளி விழுத்தியது. ஒரு சில்லு வலது காலில் ஏறியது. ஓட்டுநர் இளம் பொடியன். இறங்கி ஓடிவந்து பார்த்துவிட்டு, பனியில் முழங்காலில் இருந்து விம்மி விம்மி அழுதானாம். இவர் கிடந்தபடியே, “முதல் எஞ்சினை நிப்பாட்டு, பேந்து அழு,” என்று தமிழில் சொல்லியிருக்கிறார். அவன் நிறுத்தினான். என்ன விளங்கியதோ தெரியாது.

அம்புலன்ஸ்காரன் வந்து குனிந்து, “சவா, மதாம்?” என்று, அதாவது சுகமா என்று, கேட்டான். இந்த ஊரில் காலையில் பால் வாங்கப் போனாலும் அதைத்தான் கேட்பார்கள். இவர் வழமைபோல, “சவா, மெர்சி,” என்று சொல்லியிருக்கிறார். ‘அமைதியாக இருந்தார், நலம் என்றார்’ என்று அவன் எழுதிக்கொண்டான். பதிவுகளின்படி அன்று அந்தத் தெருவில் அழுதவர் ஓட்டுநர் மட்டுமே.

இனிச் சட்டம். இந்த மாகாணத்தில் வாகன விபத்தில் உடம்புக்கு ஏற்பட்ட சேதத்துக்கு யார்மேலும் வழக்குப் போட முடியாது. ஓட்டுநர்மேல் இல்லை, ட்ரக் கம்பனிமேல் இல்லை. மாகாணத்தின் காப்புறுதிச் சபை எல்லோருக்கும் இழப்பீடு தரும். யாரில் பிழை என்று கேட்காது. பொலிஸ் ஓட்டுநருக்குத் தண்டம் எழுதலாம், அது வேறு கதை. அழுத பொடியனுக்கு அந்த அதிர்ச்சியில் மனநோய் வந்திருந்தால் அவனும் இழப்பீடு கேட்டுப் படிவம் அனுப்பலாம். இவர் தொழிற்சாலை வாசலுக்கு உள்ளே விழுந்திருந்தால் அது வேலைத்தல விபத்து; வேறு சபை, வேறு படிவம். வெளியே விழுந்தபடியால் இந்தச் சபை. கால் ஒன்றுதான்.

இதையெல்லாம் ஆஸ்பத்திரிக் கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்து நான் விளங்கப்படுத்தினேன்.

“அப்ப ஆரிலை பிழை எண்டு ஒருத்தரும் கேக்கமாட்டினமோ?”

“கேட்கமாட்டினம். அதுதான் இந்தச் சட்டத்தின்ரை சிறப்பு.”

“கேக்காட்டில் என்ன, நான் சொல்லுறன். எழுதுங்கோ: என்ரை பிழை இல்லை.”

“அதுக்கு இதிலை இடம் இல்லை, பிள்ளை.”

“ஓரத்திலை எழுதுங்கோ.”

எழுதினேன். அன்றிலிருந்து அவருக்காக நான் நிரப்பிய எல்லாப் படிவங்களின் ஓரத்திலும், எவரும் கேட்காத அந்த வாக்கியம் பிரெஞ்சில் இருக்கிறது.

ரொறொன்ரோவிலிருந்து அவருடைய தம்பி தொலைபேசியில் வந்தார். அங்கே, ஒன்ராறியோ மாகாணத்தில், சட்டம் வேறு, வழக்குப் போடலாம். ஆகவே அங்கே எங்கள் சனத்தில் பாதிப் பேர் சட்டம் தெரிந்தவர்கள், மீதிப் பேர் சட்டம் தெரிந்தவரைத் தெரிந்தவர்கள். தம்பி ஒலிபெருக்கியில் பேசினார், நானும் கேட்டுக்கொண்டிருந்தேன்.

“அக்கா, ஒரு நல்ல லோயர் இருக்கிறார். எங்கடை ஆள். விபத்து எல்லைக்கு அங்காலை, கோர்ன்வோல் பக்கம் நடந்தது எண்டு சொன்னால் ஒன்ராறியோச் சட்டம் வரும் எண்டுறார்.”

“அப்பிடியெண்டால் ட்ரக்கையும் அங்கை இழுத்துக்கொண்டு போகவேணுமே, தம்பி. நீ வந்து ஓடுவியோ?”

“பகிடி விடாதேங்கோ. சரி, டொக்டரிட்டைப் போகேக்குள்ளை கழுத்துக்கும் ஒரு பட்டி போடுங்கோ. தலை இழுக்காமல் போங்கோ. பழைய சுவெற்றர் ஒண்டு போதும். கொஞ்சம் முனகுங்கோ.”

“கழுத்துக்கு என்ன நடந்தது?”

“ஒண்டும் நடக்கேல்லை. அங்கை ஒருத்தரும் அதைக் கேக்கமாட்டினம்.”

“நான் கேப்பன்,” என்று சொல்லித் தொலைபேசியை வைத்துவிட்டார்.

சபை முதலில் ஒழுங்காகத்தான் நடந்தது. கிழிந்த குளிர்க்கோட்டுக்குரிய ஈடு உடனே வந்தது. கோட்டைப் பற்றி எவருக்கும் சந்தேகம் இல்லை. காலுக்கு ஒரு வருடத்துக்கு மேல் வருமான இழப்பீடும் வந்தது. பிறகு, சபை தெரிவுசெய்த வைத்தியர் ஒருவரிடம் பரிசோதனைக்கு வரும்படி கடிதம் வந்தது.

அவர் சீலை உடுத்திக்கொண்டு இறங்கினார். தலை வாரி இழுத்து, பொட்டு வைத்து, காதில் தோடு. நான் துணைக்குப் போனேன். வைத்தியரின் அறை வாசலில் ஈரச் சப்பாத்து வைக்க ஒரு ரப்பர் விரிப்புப் போட்டிருந்தார்கள். இவர் சப்பாத்தைக் கழற்றினார், பையிலிருந்து செருப்பை எடுத்துப் போட்டார், ஊன்றுகோலைச் சப்பாத்துக்குப் பக்கத்தில் சாத்தினார். நான் அவரை மறித்தேன்.

“பிள்ளை, இது கோயில் இல்லை. அதைக் கையிலை எடுங்கோ. அதுதான் உங்கடை சாட்சி.”

“பொல்லு சாட்சி சொல்லத் தேவையில்லை. எனக்கு வாய் இருக்கு.”

“அப்ப அந்த வாயாலை நோகுது எண்டு சொல்லுவியளோ?”

அவர் உள்ளே போனார். நிமிர்ந்து, ஆடாமல், கலியாணப் பந்தலுக்குள் மாப்பிள்ளையின் தாய் போவதைப் போலப் போனார். அந்த நடை அவருக்கு எவ்வளவு செலவு என்பது கோயில் வாசலில் நின்ற எனக்குத் தெரியும். வைத்தியருக்கு எப்படித் தெரியும்?

அறிக்கையின் பிரதி வந்தபோது நான் வாசித்துக்காட்டினேன். ‘நேர்த்தியாக உடுத்தியிருந்தார். புன்னகையுடன் இருந்தார். எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டதற்கு மிகவும் நலம் என்றார். துணைக்கருவி இன்றி நடக்கிறார். முன்னைய வேலையை முழுநேரமாகச் செய்யத் தகுதியுடையவர்.’ அதைப் பின்பற்றிச் சபையின் முடிவும் வந்தது: இழப்பீடு நிறுத்தப்படுகிறது. வேலைக்குத் திரும்பலாம். அதாவது, நகரும் பட்டிக்கு முன் எட்டு மணித்தியாலம் நிற்கலாம்.

அவருடைய மகள் அழத் தொடங்கினாள். “அம்மா, ஏன் நலம் எண்டு சொன்னீங்கள்?”

“ஒரு மனுசன் எப்பிடிச் சுகம் எண்டு கேக்கிறார். முதல் முதல் காணுற ஆளுக்கு முன்னாலை என்ரை வருத்தத்தைக் கொட்டுறதோ?”

“அவர் டொக்டர், அம்மா!”

“டொக்டர் எண்டால் பாத்துக் கண்டுபிடிக்கட்டும்.”

மகள் ஒரு வருடம் படிப்பை நிறுத்திவிட்டு வேலைக்குப் போகிறேன் என்றாள். “நீ ஏன் நிக்கிறாய்? கால் முறிஞ்சது எனக்கு. நீ நட,” என்றார் தாய். பிறகு என் பக்கம் திரும்பினார். “அண்ணை, நான் நொண்டிக் காட்டவும் மாட்டன். சுகம் வந்திட்டுது எண்டு ஒத்துக்கொள்ளவும் மாட்டன். இதுக்கு உங்கடை சட்டத்திலை வழி இருக்கோ?”

இருந்தது. முடிவை மறுபரிசீலனை செய்யக் கேட்க அறுபது நாள். அது மறுக்கப்பட்டால் நிர்வாக நியாயசபைக்கு மேன்முறையீடு செய்ய மீண்டும் அறுபது நாள். மறுபரிசீலனை, அறிக்கையை இன்னொரு தடவை வாசித்துவிட்டு, அறிக்கை சரி என்று அறிக்கையை ஆதாரம் காட்டியது. மேன்முறையீடு செய்தோம். அந்தக் காலம் முழுவதும் வீட்டில் இருந்து சட்டை தைத்துக் கொடுத்தார். பழைய வேலைக்குப் போகவில்லை. போயிருந்தால், முடியும் என்று ஒத்துக்கொண்டதாகிவிடும். போய் விழுந்திருந்தால், நடிக்கிறார் என்பார்கள்.

விசாரணை ஒரு குளிர்காலக் காலையில். நியாயசபையில் இருவர் இருந்தார்கள்: ஒருவர் சட்டத்தரணி, மற்றவர் வைத்தியரான ஒரு அம்மா. ஒருபுறம் காப்புறுதிச் சபையின் வழக்கறிஞர். எங்கள் புறம் அவர், மகள், மொழிபெயர்ப்பாளர். பின்வரிசையில் நான், பேச உரிமை இல்லாத ஆள். வாசலில் சப்பாத்துக்குப் பக்கத்தில் ஊன்றுகோல். மகள் கடைசித் தடவையாகக் காதுக்குள், “அம்மா, இண்டைக்கு மட்டும் நொண்டுங்கோ,” என்றாள். தாய் அவளுடைய கொலரைச் சரிசெய்துவிட்டார்.

வைத்திய அம்மாதான் முதலில் கேட்டார். “நலமாக இருப்பதாகப் பரிசோதித்தவரிடம் சொன்னீர்களா?”

“ஓம், சொன்னனான். என்னை எப்பிடி இருக்கிறீங்கள் எண்டு கேட்டவர். நான் நல்லாத்தான் இருக்கிறன். காலைப் பற்றி அவர் கேக்கேல்லை.”

மொழிபெயர்ப்பாளர் அதை ஒரு முகமாற்றமும் இல்லாமல் பிரெஞ்சில் சொன்னார். சட்டத்தரணி குனிந்து எதையோ எழுதினார். சிரிப்பை மறைக்க என்று நினைக்கிறேன்.

“ஊன்றுகோல் இல்லாமல் நடந்தீர்களா?”

“ஓம். அது வாசலிலை சப்பாத்தோடை நிக்கிது. இப்பவும் அங்கைதான் நிக்கிது.”

சபையின் வழக்கறிஞர் எழுந்து, மேலும் விவாதிக்க என்ன இருக்கிறது என்பதுபோல் கையை விரித்தார். தன் வாதத்தைத் தொடங்கினார். அப்போது இவரும் எழுந்தார். மேசையை விட்டு விலகி, கையில் படுவதற்கு ஒன்றும் இல்லாத இடத்தில் போய் நின்றார்.

“மதாம், நீங்கள் இருக்கலாம்,” என்றார் சட்டத்தரணி.

“வேண்டாம் ஐயா. நான் எட்டு மணித்தியாலம் நிக்கலாம் எண்டு இவையள் எழுதியிருக்கினம். நான் நிக்கிறன். நீங்கள் இருந்து பாருங்கோ.”

மொழிபெயர்ப்பாளர் அதையும் பிரெஞ்சில் சொன்னார். பிறகு, அவரை நிற்கக் கூடாது என்று தடுக்க ஒரு விதியும் இல்லாதபடியால், விசாரணை தொடர்ந்தது. வழக்கறிஞர் நீட்டி முழக்குகிற ரகம். என் உத்தியோக காலத்தில் அப்படிப்பட்டவர்களை எவ்வளவு சபித்திருப்பேன். அன்று ஒவ்வொரு உபவாக்கியத்துக்கும் மனதுக்குள் நன்றி சொன்னேன். துணைக்கருவி இன்றி என்றார். முழுநேரமாக என்றார். பக்கம் புரட்டினார்.

இவர் முகத்தில் ஒன்றும் இல்லை. பிறந்தநாள் வீட்டு வாசலில் நின்ற அதே புன்னகை. ஆனால் சீலையின் அரக்குக் கரை, வலது பக்கத்தில், மெதுவாக ஆடத் தொடங்கியது. அந்த அறையில் காற்று இல்லை, விசிறி இல்லை. இடது பக்கக் கரை ஆடவில்லை. வலது பக்கம், முதலில் விட்டுவிட்டு, பிறகு விடாமல். மேலே முகம் கல்லாக இருந்தது. நெற்றிப் பொட்டைச் சுற்றி வியர்வை.

வைத்திய அம்மா எழுதுவதை நிறுத்தியிருந்தார். அவர் வழக்கறிஞரைப் பார்க்கவில்லை. மேசைக்கு மேலால் எட்டி, தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“மெத்ர், ஒரு நிமிடம்,” என்று வழக்கறிஞரை நிறுத்தினார். “மதாம், தயவுசெய்து இருங்கள்.”

“முதல் எழுதுங்கோ,” என்றார் இவர்.

“எதை?”

“நான் நிண்டதை. இப்ப ஏன் என்னை இருக்கச் சொல்லுறீங்கள் எண்டதை. எழுதினாப்போலை இருக்கிறன்.”

மகள் எழப் பார்த்தாள். நான் பின்னாலிருந்து அவள் தோளைப் பிடித்தேன். வைத்திய அம்மா மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு எழுதினார். எழுதி முடித்துப் பேனையை வைத்தபிறகுதான் இவர் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு கதிரையில் இறங்கினார். வழக்கறிஞர் தன் வாதத்தை எங்கே விட்டார் என்பதைக் கொஞ்ச நேரம் தேடினார். பிறகு, முடிந்துவிட்டது என்றார்.

வெளியே மகள் சுவரோடு நின்று அழுதாள். தாய் சப்பாத்துப் போட்டுக்கொண்டே, “ஏன் அழுகிறாய்? உனக்கு எங்கை நோகுது?” என்று கேட்டார்.

விசாரணை முடிந்து மூன்று மாதத்துக்குள் தீர்ப்புத் தரவேண்டும் என்பது விதி. மூன்று மாதம் முடிந்தது. பனி கரைந்தது. நான் விதியை மேற்கோள் காட்டி ஒரு கடிதம் எழுதினேன். கடிதம் கிடைத்தது என்று ஒரு கடிதம் வந்தது. இதற்கிடையில் அவர் வீடு மாறத் தீர்மானித்தார், சென்ட் லோரன்ட்டில் மின்தூக்கி உள்ள ஒரு கட்டடத்துக்கு. இரும்புப்படி ஏற முடியவில்லை என்று ஒருபோதும் சொல்லவில்லை. “படிக்கு வயசு போட்டுது அண்ணை, கறள் பிடிச்சுப்போச்சு,” என்றார்.

மொன்றியலில் எல்லோரும் வீடு மாறுகிற ஜூலை முதலாம் திகதிக்கு முதல்நாள், மேல்வீடு முழுவதும் அட்டைப்பெட்டி. தபால்காரன் தந்த தடித்த உறையை எடுத்துக்கொண்டு நான் படி ஏறினேன். சீலை எல்லாவற்றுக்கும் மேலே ஒரு பெட்டியில் மடித்து வைக்கப்பட்டிருந்தது. அவர் பழைய வீட்டுச்சட்டையோடு நின்றார். “வாசியுங்கோ,” என்றார், நின்றபடியே.

வாசித்தேன். சபையின் முடிவு நீக்கப்படுகிறது. அந்த வேலையைச் செய்ய அவரால் முடியாது. இழப்பீடு, நிறுத்தப்பட்ட நாளிலிருந்து தொடர வேண்டும். நின்றதைப் பற்றியும் ஒரு பந்தி இருந்தது. நியாயசபை தானே நேரில் கண்டது என்று.

“அழுதனான் எண்டு எங்கையாவது எழுதியிருக்கோ?”

“இல்லை.”

“என்ரை பிழை இல்லை எண்டு?”

“அதுவும் இல்லை. அதைச் சொல்ல அவைக்கு அதிகாரம் இல்லை.”

“சரி, அதை நான் சொல்லிக்கொள்ளுறன்.”

பிறகு ஒரு பெட்டியின்மேல் மெல்ல இருந்தார். வலது காலை இரண்டு கையாலும் தூக்கி இன்னொரு பெட்டியின்மேல் வைத்தார். இவ்வளவு காலத்தில் அவர் அப்படிச் செய்ததை நான் கண்டதில்லை.

“அண்ணை, கால் நோகுது.”

“எப்ப இருந்து?”

“ட்ரக் வந்த அண்டையிலை இருந்து.”

நான் என் பழைய உத்தியோகப் பழக்கத்தில், சட்டைப்பையிலிருந்து பேனையை எடுத்து, உறை கிடைத்த திகதியை அதன் மூலையில் எழுதினேன்: 2006 ஜூன் 30.